நெகிழ்ச்சியா? மீள்மையா?

விடுதியில் என் அறைத்தோழர் குலசேகரத்துக்காரர். குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவர், இயற்பியல் பயில்கிறார். நான் தேவிகுளத்துக்காரன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை கேரளத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, இப்போது இங்கே பொருளியல் பயில்கிறேன். தேர்வுக்கு முந்திய ஓர் இரவில் இருவரும் ஒரே விளக்கின்கீழ் ஆளுக்கொரு நூலை விரித்து உட்கார்ந்திருந்தோம். என் நூலில் 'தேவை நெகிழ்ச்சி' என்றொரு பாடம். அவர் நூலில் 'மீட்சிப்பண்பு' என்றொரு பாடம். சிறிது நேரம் கழித்துத்தான் தெரிந்தது, ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே என்பது. இரண்டுக்கும் 'எலாஸ்டிசிட்டி' என்பதே பெயர்.

"மக்கா, ஒரு கேள்வி கேக்கட்டா? ரப்பரா, எஃகா? எதுக்கு எலாஸ்டிசிட்டி கூடுதல்?" என்றார் தோழர்.

"இதென்ன கேள்வி? ரப்பருக்குத்தான்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டினார். விடை எஃகு. ரப்பர்க் காட்டில் பிறந்தவர் எஃகு என்கிறார்; ரப்பர் மரமே வளராத குளிர்மலையில் பிறந்த நான் ரப்பருக்காக வாதாடுகிறேன்! அன்றிரவு பாடம் ஓடவில்லை. நான் தோற்றதற்கு என் அறியாமை பாதிக் காரணம். மறு பாதிக்குக் காரணம் சொல் என்பது என் முடிவு. அந்த மறு பாதியைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் எஃகு எப்படி வென்றது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையிலேயே அதற்குச் சான்று உண்டு. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே சிறிய இருப்புப்பாதையில் டாப் ஸ்டேஷன் வரை சென்றது. அங்கிருந்து பெட்டிகளை ரோப்வேயில் கோத்து, கீழே கொட்டகுடிக்கு இறக்கி, போடிநாயக்கனூருக்கு அனுப்பினார்கள். 1924 வெள்ளம் அந்த இரயிலைக் கொண்டுபோய்விட்டது. பெயர் மட்டும் டாப் ஸ்டேஷன் என்று நின்றுவிட்டது. அந்த எஃகு வடத்தை நினைத்துப் பாருங்கள். தேயிலைப் பெட்டி தொங்கும்போது வடம் நீளத்தான் செய்யும். ஆனால் உலோகம் நீள்வது கண்ணுக்குத் தெரியாது. பெட்டி இறங்கியதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். நாள்தோறும் அப்படியே. அந்த வடத்தை ரப்பரில் செய்திருந்தால், முதல் பெட்டியே பள்ளத்தாக்கின் அடிக்குப் போய்த் தரை தட்டியிருக்கும்.

ஒரே நீளமும் பருமனும் உடைய இரண்டு கம்பிகளில் ஒரே எடையைத் தொங்கவிட்டால், குறைவாக நீள்வது எதுவோ அதற்கே இயற்பியலார் மீட்சி மிகுதி என்கிறார்கள். தன் உருவை விட்டுக்கொடுக்காமல் எவ்வளவு வலுவாக எதிர்க்கிறது என்பதே அவர்கள் கணக்கு. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 20,000 கோடி பாஸ்கல். ரப்பருடையது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நீட்சிக்கும் விசைக்கும் உள்ள நேர் உறவை இராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். அதற்கு இரண்டாண்டு முன்பே எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராக அச்சிட்டுவைத்திருந்தார். பிறர் திருடிவிடக் கூடாது என்ற அச்சம்! அறிஞர்களுக்கும் நம்மைப் போலவே அறைத்தோழர் தொல்லை இருந்திருக்கிறது.

ஆக, இழுபடுவது வேறு, மீள்வது வேறு. 'எலாஸ்டிசிட்டி' என்று கேட்டதும் என் மனக்கண்முன் வந்தது இழுபடும் ரப்பர். ஏன் வந்தது? எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் 'நெகிழ்ச்சி' என்பதால் வந்தது.

நெகிழ்தல் நமக்குப் பழைய சொல். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினால், தளர்தல், நழுவுதல், இளகுதல், மலர்தல் என்ற பொருள்களையே காண்கிறோம். சங்க அகப்பாடல்களில் தலைவன் பிரிந்தால் தலைவியின் தோள் மெலிந்து வளை நெகிழ்கிறது. திருக்குறளில் 'உறுப்புநலனழிதல்' என்ற அதிகாரமே இத்துயரைப் பேசுவதற்கு உண்டு. மொட்டு நெகிழ்ந்தால் பூ. நெஞ்சு நெகிழ்ந்தால் கண்ணீர். இவற்றுள் எதிலேனும் 'திரும்பி வருதல்' என்ற கருத்து இருக்கிறதா? நெகிழ்ந்த மொட்டு மறுபடி மொட்டாவதில்லை. கழன்ற வளை தானே ஏறிக்கொள்வதில்லை. இன்றைய செய்தித்தாள்களிலும் 'நெகிழ்ச்சியூட்டும் நிகழ்வு' என்று வாரம் ஒன்றேனும் படிக்கிறோம். அங்கும் உருகுதலே பொருள். 'தேவை நெகிழ்ச்சி' என்ற தலைப்பை முதன்முதல் படித்தபோது, தேவை ஏன் கண்ணீர் விடுகிறது என்று நான் திகைத்ததை மறைக்க விரும்பவில்லை.

இதே வேரில் பிறந்த இன்னொரு சொல் இன்று தெருவெங்கும் நிற்கிறது. அது நெகிழி. சங்கப் புலவரிடம் 'ஞெகிழி' என்றால் எரியும் கொள்ளிக்கட்டை. நாம் அதன் உருவையும் பொருளையும் மாற்றிப் பிளாஸ்டிக்குக்குப் பெயராக்கிக்கொண்டோம். 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபின் இச்சொல் கடைப் பலகைகளிலும் ஏறிவிட்டது. மிக நல்ல சொல். பிளாஸ்டிக் என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு 'உருப்பிடிக்க இசைவது' என்று பொருள். சூட்டில் இளகி, அச்சில் ஓர் உருவெடுத்து, அங்கேயே நின்றுவிடுவது. நெகிழி என்ற பெயர் அதற்குக் கச்சிதம். ஆனால் இயற்பியலில் எலாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றுக்கொன்று எதிர். உருமாறியபின் மீள்வது முன்னது. மாறிய உருவிலேயே நிலைத்துவிடுவது பின்னது. எதிரெதிரான இரண்டுக்கு ஒரே வேரிலிருந்து பெயர் எடுத்தால், மாணவன் தலையில் எது நிற்கும்?

பேச்சுத் தமிழ் இதில் நம்மினும் தெளிவாக இருக்கிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் வருவார். உயரமான மூங்கில் கழி, உச்சியில் கை தட்டும் பொம்மை, அதன்கீழ்ச் சுற்றிவைத்த வண்ண மிட்டாய். ஒரு கை மிட்டாயை இழுத்து, முறுக்கி, கைக்கடிகாரமாக நம் மணிக்கட்டில் ஒட்டிவிடுவார். அது இழுத்த இழுப்புக்கு வரும், திரும்பாது. கடிகாரம் கடிகாரமாகவே இருக்கும், நாம் தின்னும் வரை. அதனால்தான் முடியாமல் நீளும் திரைப்படத்தை 'ஜவ்வா இழுக்குறான்' என்கிறோம். 'ரப்பரா இழுக்குறான்' என்றும் சொல்வதுண்டு, ஆனால் ஜவ்வில் உள்ள எரிச்சல் ரப்பரில் இல்லை. ரப்பர் எப்படியும் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை போலும்! மிதிவண்டியின் பழைய டியூபை வாராகக் கிழித்துக் கேரியரில் மூட்டை கட்டுவோர், அது நல்ல டியூபா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? இழுப்பார்கள், விடுவார்கள். "இழுத்தா நீளுது, விட்டா சுருங்குது" என்று இரண்டு வினை போட்டுச் சொல்வார்கள். மக்கள் இரண்டாவது வினையை விட்டுவிடுவதே இல்லை. நம் பாடநூல் சொல் ஒன்றுதான் அதை விட்டுவிட்டது.

இன்னும் தெளிவான சான்று தேயிலைத் தொழிற்சாலையில் உண்டு. அப்பா அங்கே இலை வாட்டும் பகுதியில் நெடுங்காலம் வேலை பார்த்தார். பறித்து வந்த பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். அந்த நிலையில் இலையை வளைத்து விட்டால் துள்ளி நிமிரும். காம்பை மடித்தால் 'பட்' என்று ஒடியும். அப்படியே உருட்டும் எந்திரத்தில் போட்டால் சுருளாமல் நொறுங்கிவிடும். ஆகவே நீண்ட தொட்டிகளில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதிப் பல மணி நேரம் வாட்டுவார்கள். நீர் குறையக் குறைய இலை பட்டுத்துணிபோல் துவளும். போதுமா என்று பார்க்கக் கருவிகள் உண்டு. அப்பா கருவியைப் பார்க்குமுன் கையைத்தான் நீட்டுவார். ஒரு பிடி இலையை இறுக்கிப் பந்தாக்கிக் கையைத் திறப்பார். பந்து குதித்து அவிழ்ந்தால், "இன்னும் விறைப்புப் போகலை." பந்து பந்தாகவே கிடந்தால், "சரி, இறக்கலாம்."

எழுத்தறிவு குறைந்த மனிதர் ஒருவர் உள்ளங்கையில் வைத்துப் பிரித்துக் காட்டிய இரண்டு பண்புகள் இவை. குதித்து அவிழ்வது மீள்மை. பந்தாகவே கிடப்பது நெகிழ்ச்சி. முன்னது போய்ப் பின்னது வருவதற்காகத்தான் அந்தத் தொழிற்சாலையில் இரவெல்லாம் காற்று ஊதுகிறது. அந்த வீட்டுப் பையன் நான், ஒரு பாடநூல் சொல்லை நம்பி இரண்டையும் குழப்பிக்கொண்டேன்!

பொருளியலார் பக்கமும் நியாயம் உண்டு. என் துறையை நானே விட்டுக்கொடுக்கலாகாது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலின் வழியே 'எலாஸ்டிசிட்டி' பொருளியலில் வேரூன்றியது. விலை மாறினால் வாங்கும் அளவு எந்த விகிதத்தில் மாறுகிறது என்பதே அங்கே கேள்வி. அரிசி விலை ஏறினால் அம்மா அரிசியைக் குறைப்பதில்லை, மீனைக் குறைப்பாள். உப்பை எந்த விலைக்கும் வாங்கியே ஆக வேண்டும். அரிசியும் உப்பும் இறுகிய தேவைகள். மீன் இளகும் தேவை. இங்கே திரும்பி வருதல் என்ற பேச்சே இல்லை. இளகிக் கொடுக்கிறதா, இல்லையா என்பதே பேச்சு. எனவே 'தேவை நெகிழ்ச்சி' என்பது குற்றமற்ற சொல். இலங்கைத் தமிழரும் 'கேள்வி நெகிழ்ச்சி' என்றே எழுதுகிறார்கள். இந்திக்காரர்களும் பொருளியலுக்கு 'லோச்' என்றும் இயற்பியலுக்குப் 'பிரத்யாஸ்ததா' என்றும் இரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒன்றாய் இருப்பதால் நம்மிடமும் ஒன்றாய் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. நெகிழ்ச்சி எங்களிடம் இருக்கட்டும். இயற்பியலார் அதை இரவல் கேட்காதிருக்கட்டும்.

அவர்கள் கேட்பதில்லை, மீட்சி என்றே எழுதுகிறார்கள் என்பார் என் தோழர். தமிழ்நாட்டுப் பாடநூலில் மீட்சிப்பண்பு, இலங்கையில் மீள்தன்மை. உண்மையே. மீட்சியில் எனக்கொரு சிறு குறை. ஆள் என்பதிலிருந்து ஆட்சி வந்ததுபோல் மீள் என்பதிலிருந்து மீட்சி வந்தது. அது ஒரு நிகழ்ச்சியின் பெயர். கடனிலிருந்து மீட்சி, நோயிலிருந்து மீட்சி என்கிறோம். நிகழ்ச்சிப் பெயர் பண்பைச் சுட்டாது என்று அஞ்சித்தான் பின்னால் 'பண்பு' என்ற வாலைக் கட்டியிருக்கிறார்கள். தமிழில் பண்பைச் சுட்ட 'மை' ஒன்றே போதுமே! வெம்மை, தண்மை, மென்மை என்ற வரிசையில் மீள்மை. மூன்றே எழுத்து. மீள்மை என்று கேட்ட மாணவன் 'எது நன்றாக நீளும்?' என்று எண்ண மாட்டான். 'எது தன் உருவுக்கு வலுவாகத் திரும்பும்?' என்றே எண்ணுவான். எஃகைப் பாதி கண்டுபிடித்த மாதிரிதான்.

'ஏன் இந்தப் பாடு? எலாஸ்டிசிட்டி என்றே வைத்துக்கொண்டால் என்ன?' என்று கேட்கும் நண்பர்கள் நம் மன்றத்திலேயே உண்டு. பொருளின் பெயராக எலாஸ்டிக் வந்தால் எனக்கு வருத்தமில்லை. பாவாடைக்கு எலாஸ்டிக் வைப்பதாகத் தையற்காரர் சொல்கிறார்; அது தொய்ந்துபோனதாக அம்மா சொல்கிறாள்; அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்தாயிற்று, அதைத் துரத்துவானேன்? பண்பின் பெயர் வேறு. மலையாளத்தில் இப்பண்பை 'இலாஸ்திகத' என்கிறார்கள். என் பள்ளி ஆசிரியர் அச்சொல்லைத்தான் கரும்பலகையில் எழுதினார். ஆங்கில உடலுக்கு வடமொழி வால். அவர்களுக்கு அது இயல்பாய் இருக்கலாம். எங்கள் வகுப்பில் நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதினோம், மனப்பாடம் செய்தோம், அது டியூபைப் பற்றியோ இலையைப் பற்றியோ பேசுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆசிரியர்மேல் குறை இல்லை. சொல் ஊமையாய் இருந்தது.

1916இல் சேலத்தில் இராசாசியும் வேங்கடசுப்பையரும் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினார்கள். பின்னாளில் இராசாசி வேதியியலைத் 'திண்ணை ரசாயனம்' என்று திண்ணைக்கே கொண்டுவந்தார். கோவையில் 1949இல் 'கலைக்கதிர்' தொடங்கிற்று. அவர்கள் எல்லாம் சொல் தேடியது அழகுக்காக அன்று. படிக்காத வீட்டிலிருந்து வரும் பிள்ளை, வீட்டில் கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு பாடத்துக்குள் நுழையட்டும் என்பதற்காக. 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது கேரளத்தில் நின்றுவிட்ட எங்கள் மலையில் இந்தப் பிடி இன்னும் கூடுதலாய்த் தேவைப்படுகிறது. எங்களுக்குப் பாடநூல் ஒரு திசையிலிருந்தும் பேச்சு ஒரு திசையிலிருந்தும் வருகின்றன.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். அவள் கொழுந்து பறித்து வந்து சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இழுத்த இழுப்புக்கு வாற உடம்பா இது, இன்னும்?" என்றாள். நான் ரப்பரைப் பற்றிப் பேசினேன். அவள் தன்னைப் பற்றிப் பேசினாள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அம்மாவும் அங்கே அமர்ந்திருந்தாள். நூற்றுக்குப் பத்தாகக் குறைக்கப்பட்ட போனசு இருபதாயிற்று. பின்னர் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. அதோடு ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 ஆயிற்று. கூலியைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். அந்த நான்கு கிலோவைப் பற்றி அவள் முதுகு மட்டும் பேசுகிறது.

என் தோழரின் நூலில் 'மீட்சி எல்லை' என்றொரு பகுதி உண்டு. எந்தக் கம்பிக்கும் ஓர் எல்லை. அதைத் தாண்டி இழுத்தால் பழைய நீளம் வராது. எல்லைக்குள்ளேயே இழுத்தாலும் சில பொருள்கள் விட்டவுடன் மீள்வதில்லை. நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல மீளும். பலமுறை இழுத்து விட்டால் நல்ல கம்பியும் சோர்ந்துபோகும். இவற்றைப் படித்தபோது எனக்குக் கம்பி நினைவு வரவில்லை. காலையில் பாயிலிருந்து எழும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறிது நேரம்தான் நினைவு வந்தது. முன்பெல்லாம் தண்ணீர்க் குடத்தை எடுப்பதற்குள் நிமிர்ந்துவிடுவாள். இப்போது அடுப்பு மூட்டிய பிறகுதான் நிமிர்கிறாள். மலைமக்கள் எதையும் தாங்குவார்கள், நெகிழ்ந்து கொடுப்பார்கள் என்று எங்களைப் புகழ்ந்து எழுதுவோர் உண்டு. நெகிழ்ந்து கொடுக்கிறார்கள், ஐயமில்லை. மீள்கிறார்களா என்று கேட்க அவர்களிடம் சொல் இல்லை. அதனால் கேள்வியும் இல்லை.

மன்றத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இழுத்துவிட்டால் திரும்பும் பொருளுக்கும், திரும்பாத பொருளுக்கும் என்ன சொல் வழங்குகிறது? வலை பின்னுவோர், பாய் முடைவோர், கவண் செய்யும் சிறுவர், கயிறு திரிப்போர் ஆகியோரிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் திரட்டி வெளியிட ஆசிரியர் இசைந்திருக்கிறார். குலசேகரத்துத் தோழர், கோப்பையோரத்தில் உலர்ந்து ரப்பராகும் ஒட்டுப்பாலைப் பற்றித் தம் பாட்டியிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அப்பாவின் 'விறைப்பு' என்ற சொல்லை முதல் வரியில் எழுதிவைத்திருக்கிறேன்.